சென்சார் சொன்னாலும் கரண்ட் வர வேண்டுமே!

நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும்போது டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து, பாம்புக்குப் பயந்து பயந்து மோட்டார் போட்டதைத் தமிழக விவசாயிகள் எளிதில் மறக்க மாட்டார்கள். வீட்டிலிருந்தே செல்போனில் மோட்டாரை இயக்க மொபைல் ஸ்டார்ட்டர் வந்ததும், அதிகம் படிக்காதவர்கள்கூட வாங்கி மாட்டினார்கள். அரசும் அதற்கு மானியம் தருகிறது.

அப்படியிருக்க, மண்ணின் ஈரத்தை அளந்து சொல்லும் சென்சார் மட்டும் சிறு விவசாயியின் வயலுக்கு ஏன் வரவில்லை? 'புதுமைக்கு அஞ்சுகிறார்கள்' என்ற பதில் பொருந்தாது. காரணங்கள் வேறு.

நிலத்தின் அளவு: 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒருவரின் சாகுபடி நிலம் சராசரியாக 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சாகுபடி செய்வோரில் சுமார் 93 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள். இருபது ஏக்கருக்குப் பங்கிட்டால் தாங்கக்கூடிய கருவிச் செலவு, இரண்டு ஏக்கரில் முழுச் சுமையாக விழுகிறது.

தண்ணீர்: 'இன்று பாய்ச்சு' என்று சென்சார் சொல்லலாம். ஆனால் மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். வாய்க்கால் பாசனத்திலும் பங்குக் கிணற்றிலும் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். விவசாய மின்சாரம் இலவசம் என்பதால், தண்ணீரை மிச்சப்படுத்தினாலும் கையில் காசு மிஞ்சுவதில்லை.

ஆவணம்: சென்சாருக்கு மானியம் தந்தாலும் எல்லோருக்கும் எட்டாது. சொட்டுநீர்ப் பாசனத்தையே பாருங்கள்; அதற்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு. ஆனால் அதைப் பெறச் சிட்டா, அடங்கல், சிறு விவசாயி சான்று வேண்டும். வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுபவரிடம் இவை ஏது?

பழுது: கருவி கெட்டால் அன்றே வந்து பார்க்க ஊரில் ஆள் வேண்டும். பயிர் காத்திருக்காது.

வழி இல்லாமல் இல்லை. நெல் அறுவடை இயந்திரத்தைச் சிறு விவசாயி சொந்தமாக வாங்குவதில்லை. மணிக்கணக்கில் வாடகைக்கு அமர்த்துகிறார். 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த 'நமோ ட்ரோன் தீதி' திட்டமும் இதே பாதைதான். 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு 80 சதவீதம்வரை மானியத்தில் ட்ரோன் கொடுத்து, மருந்து தெளிக்க வாடகைக்கு விடச் சொல்கிறது. சென்சாரையும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வழியே இப்படிப் பொதுவில் வைக்கலாம்.

அதோடு பகலில் உறுதியான மின்சாரமும், குத்தகைதாரர் பெயரில் ஓர் ஆவணமும் கிடைக்க வேண்டும். அப்போது சென்சார் சொல்வதைச் சிறு விவசாயியால் செய்ய முடியும்.