டெக்கான் ஜிம்கானாவிலிருந்து ஆன்ட்வெர்ப்புக்கு

இந்தியாவின் முதல் ஒலிம்பிக் அணி புனேயில் உருவானது. கல்கத்தாவில் பிறந்த நார்மன் பிரிட்சார்ட் 1900-இல் பாரிஸில் இரண்டு வெள்ளி வென்றிருந்தாலும், அவர் தனியாளாகப் போய் ஓடியவர். அணி என்று ஒன்று முதன்முதலாகக் கிளம்பியது 1920-இல், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகருக்கு.

புனேயின் டெக்கான் ஜிம்கானா 1906-இல் தொடங்கப்பட்ட விளையாட்டுக் கழகம். அதன் தலைவரான தொழிலதிபர் தோராப்ஜி டாட்டா, 1919-இல் அங்கு நடந்த ஓட்டப் பந்தயங்களைப் பார்த்தார். ஓடியவர்கள் வயலில் உழைத்து, எளிய சாப்பாட்டில் வளர்ந்த குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். காலில் செருப்பில்லை, பயிற்சி இல்லை, பந்தய விதிகளும் பழக்கமில்லை. ஆனாலும் அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் ஐரோப்பிய ஓட்டக்காரர்களோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது. டாட்டாவே இதை 1929-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டித் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் விவரித்திருக்கிறார்.

அக்கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. ஒலிம்பிக்கில் சேர 100 மீட்டரை எவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, கழகத்தின் கமிட்டி உறுப்பினர் ஒருவர் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ இருக்கும் என்றாராம். கணக்கு விநாடியிலும் விநாடியின் பின்னத்திலும் என்று கேட்டுத் திகைத்துப் போனார். கால்களில் வேகம் இருந்தது. அதை அளந்து பார்க்கும் பழக்கம்தான் இங்கு வந்து சேரவில்லை.

ஆட்சி பிரிட்டிஷாருடையது என்பதால், பம்பாய் ஆளுநர் ஜார்ஜ் லாய்டின் உதவியோடு, பிரிட்டிஷ் ஒலிம்பிக் கமிட்டி வழியாகவே அனுமதி பெற வேண்டியிருந்தது. 1920 ஏப்ரலில் புனேயில் தேர்வுப் போட்டிகள் நடந்தன. பூர்மா பானர்ஜி, ஃபடேப்பா சௌகுலே, சதாசிவ் தாதார், கைகாடி ஆகிய ஓட்டக்காரர்களும் குமார் நவலே, ரண்தீர் ஷிண்டே ஆகிய மல்லர்களும் தேர்வானார்கள். செலவில் ஒரு பங்கை டாட்டா தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார்.

பதக்கம் எதுவும் வரவில்லை. பானர்ஜி தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. நவலே முதல் மோதலிலேயே தோற்றார். பெல்காமைச் சேர்ந்த சௌகுலேயின் ஓட்டத்தை மட்டும் நின்று பார்க்க வேண்டும். அந்த ஆண்டு மராத்தான் தூரம் 42.75 கிலோமீட்டர். ஒலிம்பிக் வரலாற்றிலேயே அதுதான் மிக நீண்டது. பின்லாந்தின் ஹான்னஸ் கோலெமைனன் 2 மணி 32 நிமிடத்தில் வென்றார். தாதார் பாதியில் விலக, சௌகுலே 2 மணி 50 நிமிடத்தில் 19-ஆவதாக முடித்தார். உலகப் போட்டியில் அது அவருக்கு முதல் மராத்தான். மதிப்பான ஓட்டம் என்றே சொல்ல வேண்டும்.

பதக்கத்தை மிக நெருங்கியவர் ஷிண்டே. மராட்டிய மல்யுத்தம் செம்மண் கோதாவில் வளர்ந்தது. ஆன்ட்வெர்ப்பிலோ விரிப்பின்மேல் மோத வேண்டும். ஃபெதர்வெயிட் பிரிவில் பிரிட்டனின் பெர்னார்டிடம் வெண்கலத்தை இழந்து நான்காமிடம் பெற்றார்.

டாட்டா அதே ஆண்டில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினரானார். 1924 பாரிஸ் போட்டிக்குத் தேர்வு டெல்லியில் நடந்தது. சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவிய ஹாரி குரோ பக் அந்த அணியை நடத்திச் சென்றார். 1927-இல் இந்திய ஒலிம்பிக் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவர் டாட்டாவே.

(தொடரும்)