12 ஜிபி எப்படி 45 ஜிபி ஆகிறது? டிவிடி ரைட் செய்வதன் வரவு செலவுக் கணக்கு

ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய திட்டம் என்பிடெல். அதன் விரிவுரைகளை இணையத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். தொடக்க காலப் பாடங்கள் பெரும்பாலும் ஒன்றுக்கு 40 விரிவுரை என்ற அளவில் அமைந்தவை. இணையம் ஒழுங்காக எட்டாத ஒரு வகுப்பறையில் டிவியும் டிவிடி பிளேயரும் மட்டும் இருக்கின்றன. இந்த 40 விரிவுரைகளை அங்கே கொண்டுபோக எத்தனை டிஸ்க், எத்தனை மணி நேரம், எவ்வளவு பணம் ஆகும்?

கணக்குக்கு எடுத்துக்கொண்ட அளவுகள்

- விரிவுரை 40, ஒன்று 50 நிமிடம். மொத்தம் 2,000 நிமிடம், அதாவது 33 மணி 20 நிமிடம்
- இறக்கிய கோப்பு எம்பி4, படம் 640 × 480, வினாடிக்கு 800 கிலோபிட். ஒன்று 300 எம்பி, நாற்பதும் 12 ஜிபி
- பிளாங்க் டிவிடி ரூ.20, உறை ரூ.3
- கணினி 150 வாட், மின்சாரம் யூனிட் ரூ.8

விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டால் தொகை மாறும், விகிதம் பெரிதாக மாறாது.

டிஸ்க்கில் எவ்வளவு இடம்?

உறையில் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருப்பார்கள். கணினியில் போட்டால் 4.38 என்று காட்டும். குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். உறையில் உள்ள ஜிபி 100 கோடி பைட். விண்டோஸ் கணக்கிடும் ஜிபி 107.37 கோடி பைட். ஒரு டிவிடி-ஆரில் 2,048 பைட் கொண்ட துண்டுகள் 22,98,496 இருக்கின்றன. பெருக்கினால் 470.7 கோடி பைட். டிவிடி பிளஸ் ஆரில் இதைவிட ஏறத்தாழ 7 எம்பி குறைவு. டிஸ்க்கை விளிம்புவரை நிரப்புகிறவர்களுக்கு இந்த 7 எம்பி முக்கியம்.

கோப்புகளை அப்படியே டேட்டா டிஸ்க்காக ரைட் செய்தால் ஒன்றில் 15 விரிவுரை கொள்ளும். 40-க்கு 3 டிஸ்க் போதும். ஆனால் சாதாரண டிவிடி பிளேயருக்கு இந்தக் கோப்பு புரியாது. 1996-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, எம்பெக்-2 போன்ற பழைய முறையில் சுருக்கிய படத்தைத்தான் அறியும். இன்றைய எம்பி4 கோப்புகளில் பெரும்பாலும் இருப்பது 2003-இல் வந்த எச்.264. இரண்டுக்கும் நடுவே கன்வர்ட் செய்யும் வேலை வருகிறது. செலவும் அங்கேதான் ஏறுகிறது.

ஒரு டிஸ்க்கில் எத்தனை விரிவுரை?

4.7 ஜிபி என்பது 37,600 மெகாபிட். மெனுவுக்கும் மற்ற மேல்செலவுகளுக்கும் 4 சதவீதம் ஒதுக்கினால் சுமார் 36,000 மெகாபிட் மிஞ்சும். இதை ஓடும் வினாடிகளால் வகுத்தால், ஒரு வினாடிக்குக் கிடைக்கும் மெகாபிட் இது:

- 2 விரிவுரை: 6.0 மெகாபிட், 20 டிஸ்க்
- 3 விரிவுரை: 4.0 மெகாபிட், 14 டிஸ்க்
- 4 விரிவுரை: 3.0 மெகாபிட், 10 டிஸ்க்
- 5 விரிவுரை: 2.4 மெகாபிட், 8 டிஸ்க்
- 6 விரிவுரை: 2.0 மெகாபிட், 7 டிஸ்க்

டிவிடியில் படத்துக்கு மட்டும் வினாடிக்கு 9.8 மெகாபிட் வரை கொடுக்க இடம் உண்டு. கொடுத்துப் பயன் இல்லை. மூலக் கோப்பில் இருப்பதே 0.8 மெகாபிட். கால்படி அரிசியைக் கோணிப்பையில் கொட்டினால் மூட்டை அரிசி ஆகிவிடாது. கரும்பலகை முன் ஒருவர் நின்று பேசும் காட்சியில் அசைவு குறைவு என்பதால் 3.0 மெகாபிட் தாராளம். அந்த அளவில் ஒரு விரிவுரை 1,125 எம்பி ஆகும். 300 எம்பி மூன்றே முக்கால் மடங்கு வீங்கி, 12 ஜிபி 45 ஜிபி ஆகிறது. படம் இம்மியும் தெளிவாகாது. பழைய சுருக்கும் முறைக்கு அதே படத்தைச் சொல்லக் கூடுதல் பிட் வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த 3.0-க்குள் ஒலியும் அடங்க வேண்டும். சில மென்பொருள்கள் ஒலியைச் சுருக்காத பிசிஎம் வடிவில் வைத்துவிடும். அதற்கு வினாடிக்கு 1,536 கிலோபிட், அதாவது கையில் உள்ளதில் பாதி. 50 நிமிடத்துக்கு ஒலி மட்டும் 576 எம்பி. படமும் ஒலியும் சேர்ந்த மூலக் கோப்பே 300 எம்பிதான். ஏசி3 என்ற சுருக்கிய வடிவுக்கு மாற்றி 192 கிலோபிட் வைத்தால் 72 எம்பியில் முடிந்துவிடும். பேச்சுக்கு இது போதும்.

நேரம்

நம் நாட்டு டிவி முறையில் வினாடிக்கு 25 பிரேம். ஒரு விரிவுரைக்கு 75,000. நாற்பதுக்கும் 30 லட்சம். கணினி வினாடிக்கு 100 பிரேம் கன்வர்ட் செய்தால் 8 மணி 20 நிமிடம். தரம் சீராக வர இரண்டு சுற்று ஓட்டினால் 16 மணி 40 நிமிடம். மின்சாரம் 2.5 யூனிட், ரூ.20.

டிவிடியில் 1 எக்ஸ் வேகம் என்பது வினாடிக்கு 1.385 எம்பி. 8 எக்ஸில் 4.5 ஜிபி எழுத ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொடக்கமும் முடிப்பும் சேர்த்து 8 நிமிடம். எழுதியதைச் சரிபார்க்க 7 நிமிடம் வைத்தால் டிஸ்க்குக்கு 15 நிமிடம். 16 எக்ஸ் போட்டால் நேரம் பாதியாகும் என்று எதிர்பார்க்கக் கூடாது. அந்த வேகம் வெளி விளிம்பை எட்டும்போதுதான் கிடைக்கிறது.

மூன்று வழிகள்

நடுவே இன்னொரு வழியும் உண்டு. பிளேயரின் முகப்பில் டிவ்எக்ஸ் முத்திரை இருந்தால் எக்ஸ்விட் ஏவிஐ கோப்பு ஓடும். வினாடிக்கு 1 மெகாபிட் வைத்தால் விரிவுரை 375 எம்பி, டிஸ்க்குக்கு 12. ஒரே சுற்றில் கன்வர்ட் செய்தால் போதும்.

ஒரு தொகுதிக்கு (40 விரிவுரையும் அடங்கிய ஒரு நகல்):

- எம்பி4 அப்படியே: 3 டிஸ்க், ரூ.69, 45 நிமிடம்
- எக்ஸ்விட் ஏவிஐ: 4 டிஸ்க், ரூ.102, 9 மணி 20 நிமிடம்
- டிவிடி வீடியோ: 10 டிஸ்க், ரூ.250, 19 மணி 10 நிமிடம்

பத்து தொகுதிக்கு:

- எம்பி4 அப்படியே: 30 டிஸ்க், ரூ.690, 7 மணி 30 நிமிடம்
- எக்ஸ்விட் ஏவிஐ: 40 டிஸ்க், ரூ.930, 18 மணி 20 நிமிடம்
- டிவிடி வீடியோ: 100 டிஸ்க், ரூ.2,320, 41 மணி 40 நிமிடம்

ரைட் செய்யும்போது போகும் மின்சாரம் ஒரு தொகுதிக்கு மூன்று ரூபாயைத் தாண்டாது என்பதால் சேர்க்கவில்லை. இரட்டை அடுக்கு டிஸ்க்கில் 7 விரிவுரை கொள்ளும், 40-க்கு 6 டிஸ்க். அதன் விலை ரூ.35-க்கு மேல் போனால் 10 சாதா டிஸ்க்கே லாபம்.

பென்டிரைவையும் ஒப்பிடலாம். 16 ஜிபி ரூ.400 என்று வைத்தால் முதல் பாடத்துக்கு டிவிடி வீடியோவே மலிவு. பழையதை அழித்து இரண்டாவது பாடத்தை ஏற்றும்போது கணக்கு திரும்பிவிடும்: டிஸ்க்குக்கு ரூ.500, பென்டிரைவுக்கு அதே ரூ.400. பிளேயரில் யுஎஸ்பி துளை இருப்பது மட்டும் போதாது, அது எச்.264 படிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

எங்கே சிக்கனம்?

கன்வர்ட் ஆகும் 16 மணி 40 நிமிடத்துக்கு ஆள் வேண்டாம். ராத்திரி ஓட விட்டுத் தூங்கலாம். ரைட் செய்ய ஆள் வேண்டும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை தட்டைத் திறந்து மூட. பத்து தொகுதிக்கு அது 25 மணி நேரம். தொகுதி கூடக் கூட கன்வர்ட் செலவு கூடுவதில்லை. டிஸ்க்கின் எண்ணிக்கைதான் பெருகுகிறது. ஆகவே சிக்கனம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான். டிஸ்க்குக்கு 4-க்குப் பதில் 5 விரிவுரை வைத்தால் பத்து தொகுதியில் 20 டிஸ்க், ரூ.460, 5 மணி நேரம் மிச்சம்.

2.4 மெகாபிட்டில் எழுத்து மங்குமோ என்ற சந்தேகத்துக்கு விடை காண, பலகையில் எழுத்து மிகப் பொடியாக உள்ள விரிவுரையை அந்த அளவில் மாற்றி, அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூவில் ரைட் செய்து, அந்த வகுப்பறை டிவியிலேயே கடைசி பெஞ்சிலிருந்து பாருங்கள். படிக்க முடிந்தால் 80 டிஸ்க் வாங்குங்கள், முடியாவிட்டால் 100. எம்பி4 கோப்பு ஒன்றையும் அதே டிஸ்க்கில் வைத்து ஓட்டிப் பார்த்துவிடுங்கள். அது ஓடிவிட்டால் 30 டிஸ்க்கோடு வேலை முடிந்தது. நகல் கொடுக்கும் முன் அந்தப் பாடத்தின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைப் படித்து, மூலத்தின் பெயரை உறையில் எழுதிவிடுங்கள். அதற்குச் செலவு இல்லை.