மனநலம் யாருடைய கணக்கில்?

1912ஆம் ஆண்டு இலங்கையில் இரண்டு கட்டளைச் சட்டங்கள் அடுத்தடுத்த இலக்கங்களுடன் வந்தன. 8ஆம் இலக்கம் மதுவரிக் கட்டளைச் சட்டம். 9ஆம் இலக்கம் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம். முதலாவது சட்டம், மது விற்கும் உரிமத்தையும் அதனால் வரும் வரியையும் அரசாங்கத்தின் கையில் வைத்தது. இரண்டாவது சட்டம், தோட்டத் தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. அதாவது, தவறணையின் வருமானம் அரசுக்கு, குடித்து நோயாளியானவனின் பாரம் துரைக்கு என்று கணக்குப் பிரிந்தது.

மலையகத்தில் மனநோயும் குடிநோயும் ஏன் இவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடக்கின்றன என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் அந்த வருடத்திலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன். ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியையாக இருப்பதால் என்னிடம் வரும் பெற்றோர் பலர். கணவரின் குடியைப் பற்றி, மகளின் உறக்கமின்மையைப் பற்றி, திடீரென்று பேச்சை நிறுத்திவிட்ட மகனைப் பற்றிச் சொல்வார்கள். குடி கெடுதி என்பதை விளக்க இச்சஞ்சிகையில் ஒரு கட்டுரை தேவையில்லை. நம் மார்க்கம் அதை என்றோ ஹராமாக்கிவிட்டது. நான் இங்கு சொல்ல விரும்புவது வேறு. நோய் வந்தபின் ஒருவர் எங்கே போக முடியும், அந்த இடத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், கொடுக்காவிட்டால் யாரைக் கேட்பது என்பதே அது.

மூன்று பணப்பெட்டிகள்

இலங்கையில் அரச வைத்தியசாலைகளில் 1951 முதல் கட்டணம் இல்லை. இது உலகம் மெச்சும் பெருமை. ஆனால் அந்தப் பெருமைக்குள் தோட்டங்கள் முழுமையாக அடங்கவில்லை. தோட்ட வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பாகவே தொடர்ந்தது. எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தொழிலாளர் நலனைக் கவனிக்க அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் சேர்ந்த ஓர் அமைப்பும் அதே ஆண்டில் தொடங்கியது. இன்று அதனை ட்ரஸ்ட் என்று தோட்டங்களில் அழைக்கிறார்கள். தொண்ணூறுகளிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. மற்றவை பழையபடியே இருக்கின்றன.

இதனால் ஒரே நோயாளிக்கு மூன்று பணப்பெட்டிகள். மத்திய சுகாதார அமைச்சு பெரிய வைத்தியசாலைகளைப் பார்க்கிறது. 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின், சிறிய வைத்தியசாலைகளும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளும் மாகாண சபையின் கீழ் வந்தன. தோட்ட டிஸ்பென்சரியில் இருக்கும் வைத்திய உதவியாளரோ பெரும்பாலும் கம்பனியின் சம்பளத்தில் இருப்பவர். காய்ச்சலும் காயமும் வந்தால் இந்த மூவரில் ஒருவராவது பார்த்துவிடுவார். மனம் உடைந்தால், மூவருமே மற்றவரைக் கைகாட்டலாம்.

இதற்கு மேல் இன்னொரு தடையும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்திலுள்ள 33ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதைக் கட்டுப்படுத்தியது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்த சபையே அவர்களுடைய லயத்துக்குப் போகும் பாதையைச் செப்பனிடத் தயங்கவேண்டியிருந்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதற்கும் முன்னே போனால், 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 2003இல் வந்த சட்டத்தோடுதான் அந்த அத்தியாயம் ஏறத்தாழ முடிந்தது. வாக்கு இல்லாதவருக்கு வரவு செலவுத் திட்டத்தில் இடம் கிடைப்பது அரிது என்பதை விளக்க இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

அங்கொடையிலிருந்து மாவட்டங்களுக்கு

மனநோய் பற்றிய நமது பழைய சட்டம் 1873ஆம் ஆண்டுக்குரியது. நோயாளியைக் குணப்படுத்துவதைவிட, அவரை ஓரிடத்தில் அடைத்துவைப்பதைப் பற்றியே அந்தக் காலத்துச் சட்டங்கள் அதிகம் சிந்தித்தன. அதனால்தான் இன்றும் சிலர் அங்கொடை என்ற ஊர்ப்பெயரை வசைச்சொல்லாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே இருப்பது இப்போது தேசிய மனநல நிறுவகம்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த சுனாமி இந்த நிலையை அசைத்தது. கரையோரத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் துயரத்தில் இருந்தபோது, எல்லோரையும் அங்கொடைக்கு அனுப்ப முடியாது என்பது கண்கூடாகத் தெரிந்தது. 2005இல் தேசிய மனநலக் கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. சேவையை மாவட்டங்களுக்குக் கொண்டுபோவதே அதன் சாரம். சுனாமிக்கு முன் 10 மாவட்டங்களில் மட்டும் இருந்த மனநல சேவைக் கட்டமைப்பு, 2011 அளவில் 20 மாவட்டங்களுக்கு விரிந்ததாக உலக சுகாதார நிறுவனம் பதிவுசெய்துள்ளது. பேரழிவுக்குப் பின் கிடைத்த பணத்தை நிலையான சேவையாக மாற்றிய நாடு என்று இலங்கை உதாரணம் காட்டப்படுகிறது.

நல்ல கொள்கை உயிர் காக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே இன்னொரு சான்று உண்டு. 1995இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அது ஒன்று. மிகக் கொடிய விவசாய நஞ்சுகளின் இறக்குமதியை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டம் 1998இல் நீக்கப்பட்டது. 2005 அளவில் அந்த விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பின்னரும் குறைந்தது. பெரும் செலவில்லாமல், சரியான இடத்தில் எடுத்த ஒரு முடிவு ஆயிரக்கணக்கான தாய்மாரின் கண்ணீரைத் தடுத்தது.

ஆனால் மனநலத்துக்குப் பணம் ஒதுக்குவதில் உலகமே கைச்சுருக்கமாக இருக்கிறது. அரசுகள் தமது சுகாதார நிதியில் மனநலத்துக்குக் கொடுப்பது நடுத்தரமாக 2 சதவீதம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருமானம் குறைந்த நாடுகளில் அந்தச் சிறு தொகையிலும் பெரும்பங்கு பெரிய மனநோய் வைத்தியசாலைகளுக்கே போய்விடுகிறது. மலைமேல் இருக்கும் கிளினிக்குக்கு வந்து சேர்வது மிச்சம்தான்.

போதைக்கு ஒரு பெட்டி, மதுவுக்கு ஒரு பெட்டி

போதைப்பொருளைக் கவனிக்க 1984ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை உருவானது. மதுவையும் புகையிலையையும் கட்டுப்படுத்த 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தனி அதிகார சபை வந்தது. 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுவோ சிகரட்டோ விற்கக்கூடாது என்றும், அவற்றுக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. பெற்றோர் இதை மனதில் வைத்திருக்கவேண்டும். கடைக்காரராக இருக்கும் நம் உறவினரும்தான்.

தடுப்பதற்குச் சட்டம் இருக்கிறது. சிகிச்சைக்கு? ஒளடதங்கள் சபையின் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்கள் தலங்கம, கண்டி, காலி, நிட்டம்புவ ஆகிய பகுதிகளில் உள்ளன. நுவரெலியா மாவட்டத்துக்கு அருகிலுள்ளது கண்டிதான். மது அடிமைத்தனத்துக்கு அரச வைத்தியசாலைகளின் மனநலப் பிரிவுகளில் சிகிச்சை உண்டு. அது ஒரு நோய், மருந்தாலும் ஆலோசனையாலும் கட்டுப்படும் என்பதே பலருக்குத் தெரியாது. நீண்டகாலம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரக்கூடும் என்பதால், வைத்தியரின் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பு என்பதும் தெரியாது.

தெரிந்தாலும் போகமுடியாத நிலை இருக்கிறது. ஒரு தாயிடம், கணவரை மாதம் ஒருமுறை கிளினிக்குக்கு அழைத்துச் செல்லும்படி சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “போனா அன்னைக்கு ரெண்டு பேருக்கும் பேர் விழாது டீச்சர்” என்றார். பேர் என்றால் ஒரு நாள் வேலைக்கான பதிவு. 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட நாட்சம்பளம் 1,350 ரூபா. அந்தச் சம்பளக் கணக்கில், நோயாளியும் துணைக்குப் போகிறவருமாக இருவர் வேலையை விட்டால் 2,700 ரூபா இழப்பாக இருந்தது. பஸ் செலவும் சாப்பாடும் வேறு. வைத்தியம் இலவசம், ஆனால் வைத்தியசாலைக்குப் போவது இலவசமல்ல. 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் வறியோர் 14.3 சதவீதம். தோட்டத்துறையில் மட்டும் 33.8 சதவீதம். அப்படியான வீட்டில் மருந்து பாதியில் நின்றுபோவதைச் சோம்பல் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆகவே கட்டடம் கட்டுவது மட்டும் போதாது. டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்களைக் கொண்ட வைத்தியசாலை 2017 மே மாதம் திறக்கப்பட்டது. பெரிய நன்மைதான். ஆனால் மனநோயாளிக்கு வேண்டியது கட்டிலைவிட, மாதந்தோறும் தோட்டத்துக்கு அருகில் வந்து தமிழில் பேசும் ஒரு வைத்தியரும், மருந்து முடியுமுன் வீட்டுக்கு வந்து விசாரிக்கும் ஓர் உத்தியோகத்தரும். இவை ஒருமுறை கட்டித் திறந்துவிடும் செலவுகளல்ல. வருடா வருடம் சம்பளமாகவும் பயணச் செலவாகவும் ஒதுக்கப்படவேண்டியவை. பெயர்ப்பலகை திறக்க முடியாத செலவுகள் என்பதால்தான் அவை முதலில் வெட்டுப்படுகின்றன.

நமது வீடுகளும் நமது வக்புகளும்

இது தோட்டத்தாரின் பிரச்சினை, நமக்கென்ன என்று நினைக்கவேண்டாம். மதுவைத் தொடாத வீட்டிலும் மாத்திரையும் ஐஸும் நுழைகின்றன. மனச்சோர்வுக்கு மதம் தெரியாது. நம்மில் பலர் பிள்ளைக்கு ஜின் பார்வை என்று ஓதிப்பார்த்து, தாயத்துக் கட்டி, வருடக் கணக்கில் காத்திருந்துவிட்டுத்தான் வைத்தியரிடம் போகிறோம். துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

நம் வரலாறே இதற்குச் சாட்சி. 1284இல் எகிப்தின் சுல்தான் மன்சூர் கலாவூன் கெய்ரோவில் ஒரு பெரிய வைத்தியசாலை அமைத்தார். ஆண், பெண், ஏழை, செல்வர் எல்லோருக்கும் அங்கே இலவச சிகிச்சை. மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதியும் இருந்தது. 1354இல் அலெப்போவில் எழுந்த அர்கூன் வைத்தியசாலையில் மனநோயாளிகளின் அறைகள் நீரூற்றுள்ள முற்றங்களைச் சுற்றி அமைந்திருந்தன. இவற்றை நடத்திய பணம் வக்பு சொத்துகளின் வருமானம். கடைகளின் வாடகையும் நிலங்களின் விளைச்சலும் நோயாளியின் மருந்தாயின. இன்ன வருமானம் இன்ன செலவுக்கு என்று எழுதிவைத்ததால்தான் அவை தலைமுறைகளைக் கடந்து நின்றன.

நம் நாட்டிலும் வக்புகளுக்கென 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பள்ளிவாசல்களுக்குச் சொந்தமான கடைகள் மலையக நகரங்களிலும் உண்டு. அந்த வருமானத்தில் ஒரு சிறு பகுதி, எந்த மதத்தவராயினும் மனநலக் கிளினிக்குக்குப் போகும் ஏழையின் பஸ் செலவுக்கென எழுதிவைக்கப்படுமானால் அது எவ்வளவு பெரிய தருமம்! இருந்தாலும் தருமம் அரசின் கடமைக்கு ஈடாகாது. உப்பிலிருந்து உடுதுணிவரை நாம் வாங்கும் எல்லாவற்றிலும் வரி கொடுக்கிறோம். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

கேட்பது எப்படி?

முதலில், உடனடி உதவி. தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926. போதைப்பொருள் பற்றிய ஆலோசனைக்கு 1927. சிறுவர் பாதுகாப்புக்கு 1929. மனம் தாங்காத நேரத்தில் உள்ள எவரும், எந்த வயதினரும், 1926ஐ அழைக்கலாம். மாணவியர் இந்த மூன்றையும் கொப்பியின் பின்னட்டையில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அங்கவீனமுற்றோர் உரிமைகள் பற்றிய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடல் குறைபாட்டை மட்டும் அங்கவீனமாகக் கொள்ளவில்லை. உளத் திறன் குறைபாட்டால் தன் தேவைகளைத் தானே நிறைவேற்ற முடியாதவரும் அதில் அடங்குவார். நீண்டகால மனநோயால் வேலைக்குப் போக முடியாதவர் வீட்டில் இருந்தால், வைத்திய அறிக்கையுடன் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து உதவிப்பணம் பற்றிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். இந்நாட்டுப் பிரசை எவரும் ஓர் அரச நிறுவனத்திடம் தமிழிலேயே எழுதித் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தகவல் தரப்படுமா என்ற முடிவை அவர்கள் அறிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், ஆணைக்குழுவுக்கும் போகலாம்.

நமது உயர்தர வகுப்பு மாணவியர் பெற்றோருடன் சேர்ந்து எழுதக்கூடிய கேள்விகள் நான்கு. எமது சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில் மனநலக் கிளினிக் மாதத்தில் எத்தனை நாள், எந்த இடங்களில் நடக்கிறது? அங்கே தமிழில் பேசக்கூடிய உத்தியோகத்தர் எத்தனை பேர்? மனநலத்துக்கெனக் கடந்த வருடம் ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு? எந்தெந்தத் தோட்டங்களுக்கு அந்தச் சேவை போனது?

அரைப் பக்கத்தில் எழுதிமுடித்து, மாகாண சுகாதாரத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடலாம். பதில் கிடைத்தால் அடுத்த இதழில் வெளியிடுவோம். பதில் வராவிட்டால், எத்தனை நாள் காத்திருந்தோம் என்பதை வெளியிடுவோம்.