கையிலிருக்கும் வேலையை விடுமுன்…



ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைக் கடந்தால் ஹெப்பகோடி. அதையடுத்துப் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களிலிருந்து பிழைப்பைத் தேடி வந்த நம் குடும்பங்கள் பல இங்கே வாடகை வீடுகளில் வாழ்கின்றன. வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணம் ஆகிய யாவும் பெரும்பாலும் ஒரே சம்பளத்தின்மேல் நிற்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், ஆராதனை முடிந்தபின் ஒரு வாலிப சகோதரர் என்னிடம் வந்தார். “ஐயா, வேலையை இராஜினாமா செய்துவிட்டேன். வேறொரு கம்பெனியில் நேர்முகத் தேர்வு நன்றாக முடிந்தது. ஜெபியுங்கள்” என்றார்.

“நியமனக் கடிதம் வந்துவிட்டதா, தம்பி?”

“அடுத்த வாரம் அனுப்புவதாகச் சொன்னார்கள், ஐயா. விசுவாசத்தோடு விட்டுவிட்டேன்.”

அந்தக் கடிதம் வரவேயில்லை. நான்காம் மாதத்தில் அவர் மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றன. ஆபிரகாம் போகும் இடம் அறியாமல் புறப்பட்டதைக் குறித்து அதற்கு முந்தைய ஞாயிறுதான் நான் பிரசங்கித்திருந்தேன். அது இன்றும் என் மனதை உறுத்துகிறது.

கடிதமும் தவறலாம்

வாய்ச்சொல் மட்டுமல்ல, எழுத்தில் வந்த நியமனமும் சில வேளைகளில் மாறிப்போகிறது. 2023 பிப்ரவரியில் விப்ரோ நிறுவனம், ஆண்டுக்கு 6.5 லட்சம் ரூபாய் சம்பளத்திற்குத் தெரிந்தெடுத்திருந்த புதிய பட்டதாரிகளிடம் 3.5 லட்சத்திற்குச் சம்மதமா என்று கேட்டது. 2022-ல் இன்ஃபோசிஸ் நியமனம் பெற்றவர்களில் பலர் 2024 வரை பணியில் சேரக் காத்திருந்தனர். அவர்களாவது கல்லூரியிலிருந்து வந்தவர்கள். இருந்த வேலையையும் விட்டு, மனைவி பிள்ளைகளோடு காத்திருப்பவருடைய நிலை என்ன?

இடைக்காலத்தின் ஆதாரம்

வேலையற்ற மாதங்களின் பாரத்தை ஹெப்பகோடி அறியும். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியில் முதலாளி செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்று 2016 பிப்ரவரியில் மத்திய அரசு விதி வகுத்தது. ஏப்ரல் 18, 19 தேதிகளில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையில் திரண்டனர். போராட்டம் வன்முறையாகவும் மாறி, ஹெப்பகோடி காவல் நிலையத்தில் நின்ற வாகனங்கள் எரிந்தன. 19-ஆம் தேதியே அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது. வன்முறையை நாம் ஆதரிப்பதில்லை. ஆனால், ஒரு வேலைக்கும் மறு வேலைக்கும் நடுவே ஏழைக்கு இருக்கும் ஒரே சேமிப்பு அதுவே என்பதை அந்நாட்கள் காட்டின.

அந்த நிதியையும் முழுவதுமாக நம்பியிருக்க இயலாது. வேலையிழந்தவர் 25 விழுக்காட்டைக் கணக்கிலேயே விட்டுவைத்து, முழுத் தொகையையும் பெற 2 மாதங்களுக்குப் பதிலாக 12 மாதங்கள் காத்திருக்க வேண்டும் என்று 2025 அக்டோபரில் வைப்பு நிதியின் மத்திய அறங்காவலர் குழு தீர்மானித்தது. பணிக்கொடையோ, நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினால்தான் உண்டு. நான்கரை ஆண்டில் அவசரப்பட்டு விலகுகிறவர் அதையும் இழக்க நேரிடலாம். கம்பெனி எடுத்துத் தரும் மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும்.

விசுவாசமும் விவேகமும்

ஆகவே அருமையானவர்களே, சம்பளமும் சேர வேண்டிய தேதியும் எழுத்தில் கைக்கு வருமுன் இராஜினாமா கொடாதிருங்கள். அக்கடிதத்திலுள்ள நிபந்தனைகளை வாசியுங்கள். முந்தைய பணி குறித்த சரிபார்ப்பு முடிந்துவிட்டதா என்று கேளுங்கள். முன்னறிவிப்புக் காலம் 2 அல்லது 3 மாதங்களாயின், அதைப் புதிய இடத்தில் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். சில மாத வீட்டுச் செலவுக்கான பணத்தை ஒதுக்கி வையுங்கள். எல்லாவற்றிற்கும் முன்பாக, வீட்டிலுள்ளவர்களோடு கலந்து பேசுங்கள். கொடுத்த இராஜினாமா ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டால், அதைத் திரும்பப் பெறுவது பெரும்பாலும் நிர்வாகத்தின் தயவைப் பொறுத்ததே.

அவமதிப்போ ஆபத்தோ நிறைந்த இடத்தில் உடனே விலக வேண்டிய வேளைகளும் உண்டு. அப்படிப்பட்டவரைக் குற்றப்படுத்தாமல் சபை தாங்க வேண்டும்.

பவுல் அப்போஸ்தலன் கொரிந்துவில் ஊழியம் செய்தபோதும் கூடாரத் தொழிலைச் செய்தார். அதனால் அவர் விசுவாசம் குறைந்துபோகவில்லை.

அச்சகோதரர் ஏழாம் மாதத்தில், முன்னிலும் குறைந்த சம்பளத்திற்கு வேலையில் சேர்ந்தார். வளையல்கள் மீண்டு வர இரண்டு ஆண்டுகளாயின. இப்பொழுது இராஜினாமாவுக்காக ஜெபிக்கும்படி எவர் வந்தாலும், முதலில் நியமனக் கடிதத்தைக் காட்டச் சொல்கிறேன். பின்பு ஜெபிக்கிறேன்.