பத்து வீதம் ‘பத்து மூ’ ஆன கதை

சாவகச்சேரிச் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கும் ஒருவர், கொழும்பிலுள்ள மொத்த வியாபாரிக்குத் தமிழில் விலைப்பட்டியல் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். “கழிவு 10%, மொத்தம் 1,500 ரூபா” என்று பாமினி எழுத்துருவில் அடித்து, அதை யுனிகோட்டுக்கு மாற்றி மின்னஞ்சலில் அனுப்புகிறார். கொழும்பில் திறந்து பார்த்தால் “கழிவு 10மூ, மொத்தம் 1இ500 ரூபா” என்று நிற்கிறது. இது ஆயிரத்து ஐந்நூறா, அல்லது நடுவில் ஓர் இலக்கம் விடுபட்டுவிட்டதா? வாங்குபவருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் பேரம் அங்கேயே தடைப்படும்.

தவறு தட்டச்சு செய்தவருடையது அல்ல. ஆங்கில எழுத்துக்களும் குறிகளும் இருக்கும் இடங்களில் தமிழ் எழுத்துக்களை வரைந்து வைத்ததே பாமினி. வீதக் குறியின் இடத்தில் ‘மூ’, டொலர் குறியின் இடத்தில் ‘கூ’, காற்புள்ளியின் இடத்தில் ‘இ’. கடைப் பெயரில் ‘சன்ஸ்’ என்பதற்கு முன் போடும் & குறியின் இடத்தில் ‘ரூ’. குறியை மட்டும் வேறு எழுத்துருவில் அடித்தால் தாளில் சரியாக அச்சாகும். ஆனால் மாற்றும் மென்பொருள் எழுத்துருவைப் பார்க்காமல் இடத்தை மட்டும் பார்த்தால், 500$ என்பது ‘500கூ’ ஆகிவிடும்.

யுனிகோட்டில் இந்தக் குழப்பம் இல்லை. அதில் தமிழுக்கென 128 இடங்கள் தனியாக ஒதுக்கப்பட்டுள்ளன. வீதக் குறி வேறு, ‘மூ’ வேறு. பாமினி விசைகளில் பழகிய விரல்களுக்கும் கவலை வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற மென்பொருள்கள் அதே விசைகளிலேயே யுனிகோட் தமிழைத் தருகின்றன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: குறி அடிக்கும்போது ஆங்கிலத்துக்கு மாறி, அடித்த பிறகு தமிழுக்குத் திரும்ப வேண்டும்.

விசைப்பலகையில் இல்லாத குறிகளுக்கும் வழி உண்டு. விண்டோஸ் கணினியில் ஆங்கில எழுத்துருவைத் தெரிவு செய்து, நம் லொக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஆல்ட் விசையை அழுத்தியபடி, வலப்பக்க எண் விசைகளில் கீழுள்ள எண்ணை அடித்துவிட்டுக் கையை எடுங்கள்.

¼ – 0188
½ – 0189
¾ – 0190
பவுண் £ – 0163
யூரோ € – 0128
பெருக்கல் × – 0215

பிரான்ஸ், சுவிஸ் விலாசங்களுக்குப் பொருள் அனுப்புவோருக்கு இன்னும் இரண்டு எண்கள் உதவும். பிரெஞ்சுப் பெயர்களில் ‘ஈ’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தின் மேல் வரும் வலப்பக்கம் உயர்ந்த சாய்கோட்டுக்கு 0233. சூரிச் நகரின் பெயரில் ‘யூ’ எழுத்தின் மேல் வரும் இரட்டைப் புள்ளிக்கு 0252. இந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி, கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.

இது சின்ன விஷயம்தானே என்று சிலர் நினைக்கலாம். 1990 ஒக்டோபரில் சாவகச்சேரியிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் வியாபாரிகள் புத்தளம், கொழும்பு எனப் பல இடங்களுக்கும் சிதறினார்கள். முன்பு கடைவாசலில் முகம் பார்த்துப் பேசி முடித்த பேரங்கள் பல, இன்று தொலைவில் இருந்துகொண்டு எழுத்தில் முடிக்க வேண்டியவையாகிவிட்டன. எழுத்துப் பிழைத்தால் அருகில் நின்று விளக்கிச் சொல்ல ஆளில்லை.

தவணை குறித்துக் கடன் கொடுக்கல் வாங்கல் செய்தால் அதை எழுதிக்கொள்ளும்படி அல்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 282ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. எழுதுவது கடமையென்றால் எழுதியது சரியாகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே. அடுத்த முறை விலைப்பட்டியல் அனுப்புமுன் அதை முதலில் உங்கள் கைத்தொலைபேசிக்கே அனுப்பிப் பாருங்கள். வீதம் வீதமாகவும் ஆயிரம் ஆயிரமாகவும் தெரிந்தால் வாடிக்கையாளருக்கு அனுப்புங்கள். தொகையை எழுத்தாலும் ஒருமுறை எழுதிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.