உங்களுக்குத் தெரியுமா? ஒரே மெட்டு, நான்கு மொழிகள்

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரத்து ‘கிராஃப்ட்வெர்க்’ குழு 1981இல் வெளியிட்ட சிந்த்-பாப் ஆல்பத்தின் பெயர் ஜெர்மனியில் ‘கம்ப்யூட்டர்வெல்ட்’. வெளிநாடுகளில் ‘கம்ப்யூட்டர் வேர்ல்ட்’. இசை அதேதான், பாடும் மொழிதான் வேறு. அதிலுள்ள கால்குலேட்டர் பாட்டுக்கோ ஜெர்மன், ஆங்கிலத்தோடு பிரெஞ்சு, ஜப்பானிய வடிவங்களும் உண்டு. ஜப்பானியத் தலைப்பு ‘டென்டாக்கு’. கால்குலேட்டருக்கு அங்கே அன்றாடம் புழங்கும் சொல்லே அது. கச்சேரியில் ரசிகர்களிடம் கருவியை நீட்டிப் பொத்தானை அழுத்தச் சொல்வார்களாம்!

சுவையான வித்தியாசம் தலைப்புப் பாட்டில் இருக்கிறது. நம் விவரங்களையெல்லாம் யார் யார் வைத்திருக்கிறார்கள் என்ற பட்டியலில், ஜெர்மன் வடிவம் ஃபிளென்ஸ்பர்க் என்ற ஊரையும் சேர்க்கிறது. போக்குவரத்து விதியை மீறும் ஓட்டுநர்களின் பதிவேடு இருக்கும் ஊர் அது. உள்ளூர்க்காரருக்குச் சட்டென்று புரியும் குத்தல். ஆங்கில வடிவத்தில் அந்த ஊர் இல்லை.