பலூனில் ஒரு பூமி

என் கணவருக்கு துபாயில் வேலை. "நமக்கு விடிஞ்சாச்சு, அப்பா மட்டும் ஏம்மா இன்னும் தூங்குறாரு?" என்று என் ஐந்து வயது மகள் தினமும் கேட்பாள். சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி இதை விளக்க முடியவில்லை. உருண்டைதான் வேண்டும். அவலூர்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே செய்துவிட்டோம்.

உருண்டைப் பலூனைச் சுற்றளவு 72 செ.மீ. வரும்வரை ஊதிக் கட்டுங்கள். முடிச்சுப் பக்கம் தென்துருவம். செய்தித்தாளைக் கிழித்து, மைதாப் பசையில் தோய்த்து, நான்கு அடுக்கு ஒட்டுங்கள். ஒவ்வொரு அடுக்கும் நிழலில் காயட்டும். வெயிலில் பலூன் வெடித்துவிடும். வெடித்த துண்டுகளை உடனே அப்புறப்படுத்துங்கள். கைக்குழந்தை வாயில் போட்டால் தொண்டையை அடைக்கும், ஜாக்கிரதை!

காய்ந்ததும் நடுவில் நிலநடுக்கோடு போட்டு, அட்லஸைப் பார்த்து நாடுகளை வரையுங்கள். இதில் 1 செ.மீ. என்பது 5 டிகிரி. கோட்டுக்கு இரண்டரை செ.மீ. மேலே நம்ம ஊருக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அதற்கு நேர் கீழே, நிலநடுக்கோட்டிலிருந்து 5 செ.மீ. மேற்கே நகர்ந்து, 5 செ.மீ. வடக்கே ஏறினால் துபாய்!

இருட்டில் டார்ச் அடித்து, உருண்டையை மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுங்கள். 3 செ.மீ. நகர்ந்தால் ஒரு மணி நேரம். நம்ம பொட்டில் முதலில் வெளிச்சம் படும். துபாய்க்குச் சுமார் ஒன்றரை மணி கழித்துத்தான்.

உங்கள் வீட்டிலும் சிங்கப்பூரில் மாமா, அமெரிக்காவில் சித்தி என்று யாராவது இருப்பார்களே? அவர்களுக்கும் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்!